ஏழாவது பட்டன்

எங்க செம்மண்விளையில ஒரு பெட்டி நாலு மாசம் அழுதுச்சு. அழுதுச்சுன்னா சும்மா சத்தம் இல்ல, கண்ணீரு, உப்புக் கரிக்கிற கண்ணீரு, வாளி வாளியாப் பிடிச்சு ஊத்துற அளவுக்கு. அதப் பாக்கதுக்குன்னு உடன்குடியில இருந்தும் சாத்தான்குளத்துல இருந்தும் ஆளுக பஸ் ஏறி வந்தாவ, வந்து நின்னு பாத்தாவ, பாத்துட்டு ஒரு டீயக் குடிச்சுட்டு, "ஆமா, அழுவுதுதான்"ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போனாவ. ஏன் அழுவுதுன்னு கேட்டவுக ரொம்பக் கொஞ்சம். எனக்குத் தெரியும். அந்த நாலு மாசமும் ஊர்லயே எனக்கு மட்டுந்தான் தெரியும், நான் வாயத் தொறக்கல. இப்ப அதச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். குறுக்க பேசாமக் கேளுங்க, நடுவுல நிறுத்துனா மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது.

எம்பேரு தங்கபுஷ்பம். பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ, வாய் ஜாஸ்தின்னு மாமியா வீட்டுல பேரெடுத்தவ. எங்க ஊரு கல்யாண மண்டபத்து மாடியில ஒரு கம்பெனி வந்துச்சு, வந்து பன்னெண்டு பொம்பளையள வேலைக்கு எடுத்துச்சு, எடுத்து ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் காதுல மாட்ட ஒரு ஹெட்போனும் குடுத்து, "நீங்க கேளுங்க, கேட்டுட்டு அந்தக் கொரல்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க, அவ்வளவுதான் வேலை"ன்னு சொல்லுச்சு. மனுசன் பேசும்போது அவன் மனசுல என்ன இருக்குன்னு மெஷினுக்குத் தெரியணுமாம், தெரிஞ்சுக்கிட்டு அதுக்குத் தக்கன ஆறுதலா அது பேசணுமாம். அதுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும்லா? நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். ஆறு செகண்டு ஒரு கொரலு காதுல வரும், எதுக்க ஏழு பட்டன் இருக்கும். ஒண்ணு சந்தோசம், ரெண்டு சோகம், மூணு பயம், நாலு கோபம், அஞ்சு அருவருப்பு, ஆறு ஆச்சரியம், ஏழு சாதாரணம். கேட்டு அமுக்கணும். ஒரு நாளைக்கு எண்ணூறு கொரலு.

இதுல ஒரு சட்டம் உண்டு. ஒரே கொரல மூணு பேரு தனித்தனியாக் கேப்போம், மூணு பேரும் ஒரே பட்டன அமுக்குனாத்தான் அது சேரும், இல்லன்னா திரும்பி வந்துரும், வந்தா மேற்பார்வைக்கு இருந்த மதுரைக்காரத் தம்பி நிர்மல் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான். அதனால பொம்பளைய என்ன பண்ணுவாளுக? எனக்கு எடப்பக்கம் இருந்தவளும் வலப்பக்கம் இருந்தவளும் கழுத்த நீட்டி, "தங்கம் அக்கா என்ன போட்டாவ?"ன்னு என் ஸ்கிரீனப் பாத்து அதையே அமுக்கிருவாளுக. மூணு பேரு தீர்ப்புன்னு கம்பெனி நெனச்சது எல்லாம் என் ஒருத்தி தீர்ப்பு. எனக்குச் சந்தேகம் வந்தா ஏழு. எங்க ஊருப் பொம்பளைய கொரலு அப்படி, மாமியா ஏசுனதச் சொல்லுறதும் மாவு பொங்கலன்னு சொல்லுறதும் ஒரே தாளத்துல இருக்கும். அதுக்குள்ள எங்க போயி வெசனத்தத் தேட? ஏழு, ஏழு, ஏழு. மத்தியானச் சாப்பாட்டுல ஒருத்தி "என்னக்கா கொழம்பு?"ன்னு கேப்பா, நான் "ஏழு"ம்பேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். "ஒங்க வீட்டுக்காரரு நேத்து எப்படி?"ன்னா அதுக்கும் ஏழு. அப்படி ஒரு காலம்.

மெஷினுக்கு எங்க பக்கத்துப் பேச்சு வேணும்னு, கம்பெனிக்காரங்க எங்க ஊர்லயே வீடு வீடாப் போயி ஜனங்களப் பேசவச்சுப் பதிஞ்சாங்க. பத்து நிமிசம் பேசுனா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. ஊரே பேசுச்சு, நானும் பேசுனேன், என் கொரலு என் காதுக்கே வந்தப்பவும் ஏழுதான் போட்டேன். பேசுனவுக பேரு எங்களுக்கு வராது, வெறும் கொரலுதான் வரும்; ஆனா சொந்த ஊர்க் கொரலு தெரியாமப் போவுமா? அப்படித்தான் ஒரு சித்திரை மாசம், காலையில பதினொரு மணிக்கு, என் காதுக்குள்ள செல்லக்கனி வந்தா.

செல்லக்கனி எனக்குப் பக்கத்து வீடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இடுப்பளவு செவரு, அந்தச் செவருல சாஞ்சு நின்னு பதினோரு வருசம் பேசியிருக்கோம், கொழம்பு மாத்தியிருக்கோம், அவ பிள்ளைக்கு நான் பேன் பாத்திருக்கேன். அவ மெதுவான பேச்சுக்காரி. அவளுக்குப் பயம் வந்தா ஒண்ணு செய்வா: பேச்சோட கடைசியச் சத்தமில்லாம முழுங்கிருவா, முழுங்கிட்டுச் சின்னதா ஒரு செருமல். மத்தவுகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பொறவு ஒரு கார்த்திகை மழையில அவ வீட்டு முருங்கைக் கொப்புல இருந்து கம்பளிப்பூச்சி என் துணியில எல்லாம் விழுந்துச்சுன்னு, பூவும் பிஞ்சுமா நின்ன கொப்ப அவ இல்லாத நேரம் நான் வெட்டிப் போட்டேன். வந்து பாத்தவ ஒரு வார்த்த கேக்கல, வெட்டுன கொப்பத் தூக்கிட்டுப் போனா, அன்னையோட பேச்சு நின்னுபோச்சு. சண்ட போட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அவ பேசாம இருந்தது எனக்கு அவ்வளவு எரிச்சலு.

அந்தச் செல்லக்கனி ஹெட்போன்ல சொல்லுதா: "எங்க வீட்டுல எல்லாரும் சொகந்தான், ஒரு கொறையும் இல்ல." கடைசிய முழுங்குனா. செருமுனா. என் வெரலு நேரா மூணுக்குத்தான் போச்சு, சத்தியமாச் சொல்லுதேன், மூணு மேல போயி நின்னுச்சு. நின்னுட்டு, "இவளுக்கு என்ன கொற? பெரிய இவ, வாயத் தொறந்து சொல்லமாட்டாளோ?"ன்னு நெனச்சேன். நெனச்சு ஏழ அமுக்குனேன். எடப்பக்கத்துக்காரி கழுத்த நீட்டிப் பாத்துட்டு ஏழு. வலப்பக்கத்துக்காரி ஏழு. அவ பேசுன பத்து நிமிசமும் துண்டு துண்டா அன்னைக்குப் பூரா வந்துச்சு, துண்டுக்குத் துண்டு அந்தச் செருமல் இருந்துச்சு, துண்டுக்குத் துண்டு நான் ஏழு போட்டேன். அவ வீட்டுக்காரரு தவசிமுத்து நெஞ்சு கனக்குன்னு சொல்ல ஆரம்பிச்சு, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்டச் சத்தியம் வாங்குன சமயம் அது. அது எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது. ஆனா பயம்னு அன்னைக்கே தெரியும்.

புரட்டாசியில அந்த மெஷினு எங்க ஊருக்கே வந்துட்டு. ஒரு அறக்கட்டளைக்காரங்க நடத்துற சின்ன ஆஸ்பத்திரி எங்க ஊர்ல உண்டு, அதோட வராந்தாச் செவருல ஒரு பெட்டியப் பதிச்சாவ, முன்னால சல்லடக் கண்ணு மாதிரி ஓட்ட, அதுக்குள்ள இருந்து ஒரு பொம்பளக் கொரலு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாலும் அதுதான் எடுக்கும். "உங்க குரல்ல களைப்பு தெரியுது, சாப்பிட்டீங்களா?"ன்னு அது கேக்கும்போது, கல்யாணமாயி முப்பது வருசத்துல அப்படி ஒரு கேள்வி கேட்டறியாத பொம்பளைய கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னாளுக. "கேக்குறவ"ன்னு அதுக்குப் பேரு வச்சாவ. "கேக்குறவகிட்டச் சொல்லிட்டு வாரேன்"ன்னு தலவலிக்கும் போனாவ, தலவலி இல்லாமலும் போனாவ. ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே வண்டி. ரெண்டு எடத்துல இருந்து போன் வந்தா எந்த வீட்டுக்கு வண்டி மொதல்ல போவணும்னு, சொல்லுற வார்த்தைய மட்டும் பாக்காம சொல்லுற கொரலயும் கேட்டு முடிவு பண்ணுறதும் கேக்குறவதான்.

தை மாசம், தைப்பூசத்துக்கு வாழைத்தாரு லோடு ஏறுற நேரம். மண்டியில சுமை தூக்கிக்கிட்டிருந்த தவசிமுத்து மத்தியானம் பாதியில வீட்டுக்கு வந்து கட்டில்ல படுத்தாரு. செல்லக்கனி போன் போட்டா. "யம்மா, கீழத்தெரு செல்லக்கனி பேசுதேன். எங்க வீட்ல அவியளுக்கு நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குங்காவ. ஒண்ணும் அவசரமில்ல, வண்டி வந்தா நல்லாருக்கும்." அதே நிமிசம் மேலத்தெருவுல ஒருத்தன் கால்ல ஆட்டுரலப் போட்டுக்கிட்டு, பெருவெரலப் பிடிச்சுக்கிட்டு, ஊரக் கூட்டுற கத்து கத்துனான். வண்டி மேலத்தெருவுக்குப் போச்சு. அவன ஏத்தி, எறக்கி, கட்டுப் போட்டுட்டு கீழத்தெருவுக்கு வரும்போது நாப்பது நிமிசம் ஆயிட்டு. தவசிமுத்து வாயத் தொறந்தாப்ல கெடந்தாரு. செல்லக்கனி வண்டிக்காரன்கிட்ட, "பரவால்ல தம்பி, நீங்க என்ன செய்வீங்க"ன்னு சொன்னாளாம்.

கேத வீட்டுக்கு நான் ஓடுனேன். ஒண்ணே கால் வருசமாப் பேசாதவ என்னப் பாத்ததும் "யக்கா"ன்னு எம்மேல சாஞ்சா. நான் அவளக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், அவ அழல. அப்பத்தான் நர்ஸ் ஜாஸ்மின் என் காதோரமாக் குனிஞ்சு, "இவங்க போனுக்கு நேரா அந்தப் பெட்டி என்ன எழுதி வச்சிருக்கு தெரியுமாக்கா? சாதாரணம்னு எழுதியிருக்கு. பாவம், எவ்வளவு அமைதியாப் பேசியிருக்காங்க"ன்னு சொல்லுச்சு. என் கை செல்லக்கனி முதுகுல இருந்துச்சு. அத எடுக்கவும் முடியல, வச்சிருக்கவும் முடியல.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்ச மறுநா பெட்டி ஒழுக ஆரம்பிச்சுது.

மொதல்ல மாடித் தண்ணித் தொட்டிதான் ஒழுகுதுன்னு நெனச்சு பிளம்பரக் கூப்பிட்டாவ. அந்தச் செவருக்குள்ள பைப்பே போகலன்னு பிளம்பரு சொன்னான். பெட்டிய வச்ச எஞ்சினியரு வந்து கழட்டிப் பாத்தாரு. உள்ள பஞ்சு மாதிரி காஞ்சு கெடக்கு, மூடுனா ஓட்ட வழியா ஒழுகுது. டீக்கட ஆறுமுகநயினாரு வெரல்ல தொட்டு நாக்குல வச்சுட்டு, "கண்ணீருல்லா இது"ன்னாரு. அவரு சொன்ன பொறவு யாருக்கும் சந்தேகம் வரல. எஞ்சினியரு பேப்பர்ல "ஈரக்கசிவு"ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

எப்ப அழுவுது, எப்ப அழாதுங்கது தெரிய ஒரு வாரம் ஆச்சு. நர்ஸ் ஜாஸ்மின் வாரவுகள எல்லாம் "எப்படி இருக்கீங்க?"ன்னு கேக்கும், வாரவுக எல்லாம் "நல்லாருக்கேன்"ம்பாவ. நல்லா இல்லாம நல்லாருக்கேன்னு சொன்னா அழும். நெசமாவே நல்லா இருந்தா அழாது. நல்லால்லன்னு சொன்னாலும் அழாது. இவ்வளவுதான் அதோட கணக்கு. ஆனா எங்க ஊர்ல ஒரு நாளைக்கு எத்தன பேரு ஆஸ்பத்திரிக்கு வாராவ, எத்தன பேரு நல்லாருக்கேங்காவ? காலையில எட்டு மணிக்குத் தொறந்தா பத்து மணிக்குள்ள ஒரு வாளி நெறஞ்சிரும். போன்லயும் வந்துச்சு, பேசிட்டு வச்சா காது நனஞ்சிருக்கும், அதனால தோள்ல துண்டு போட்டுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாவ.

ஊரு அதுக்குத் தக்கன தன்ன மாத்திக்கிடுச்சு. வராந்தாவுல ஒரு சின்ன வாய்க்கா வெட்டி, தண்ணி வெளிய போக வழி பண்ணுனாவ. அது போயி விழுந்த எடத்துல நின்ன தென்னம்பிள்ள ஒரு மாசத்துல பட்டுப்போச்சு, அந்த எடத்தச் சுத்தி முள்ளு வேலி போட்டாவ. கொஞ்சம் பேரு தாம்பாளத்துல பிடிச்சு வெயில்ல வச்சு உப்பெடுத்தாவ, அந்த உப்புப் போட்டு ஊறுகா போட்டா ரெண்டு வருசத்துக்குக் கெடாதுன்னு பேச்சு. பொண்ணு பாக்க வந்த மாப்பிள வீட்டுக்காரங்க பொண்ணக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற சாக்குல ஆஸ்பத்திரி வழியாக் கூட்டிட்டுப் போயி, "என்னம்மா, ஒனக்குச் சம்மதந்தான?"ன்னு பெட்டிக்கு நேரா நின்னு கேட்டாவ. அப்படி மூணு கல்யாணம் நின்னுச்சு. கண்டக்டர் பொண்டாட்டி புருசன் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, "இப்ப சொல்லும், என்கூட நல்லாத்தான் இருக்கீரா?"ன்னு கேக்க, அவரு வாயத் தொறக்குமுன்னயே ஜனங்க எல்லாம் சேலையத் தூக்கிக்கிட்டு ஒதுங்கி நின்னாவ. பஞ்சாயத்துத் தலைவரு மட்டும் சாமர்த்தியமா, ஆஸ்பத்திரிப் பக்கமே வராம, டவுனுக்குப் போயி ஊசி போட்டுக்கிட்டாரு.

அந்தத் தலைவருதான் பாவப்பட்டு செல்லக்கனிக்கு ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குற வேலைய வாங்கிக் குடுத்தாரு. அவளுக்கு வேலையே அந்தத் தண்ணியத் தொடைக்கிறதுதான். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் முட்டங்கால் போட்டுத் தொடைப்பா, பிழிவா, வாளியத் தூக்கிட்டுப் போயி வேலிக்குள்ள ஊத்துவா, திரும்பி வருவா. தூக்கித் தூக்கி அவ கையி உப்புல வெடிச்சுப்போச்சு. நான் எதுத்தாப்புல இருந்த மண்டபத்து ஜன்னல் வழியாப் பாப்பேன். பாத்துட்டு ஹெட்போன மாட்டிக்கிடுவேன். அப்ப வரைக்கும் நான் வேலைய விடல, அதையும் சொல்லிருதேன்.

ஒரு நா நிர்மல்கிட்ட மட்டும் பட்டும் படாமக் கேட்டேன். "ஏம் தம்பி, நாம ஒரு கொரலுக்குத் தப்பாப் போட்டுட்டா மெஷினு தப்பாப் படிச்சிருமா?" அவன் சிரிச்சான். "அக்கா, லட்சக்கணக்குல கொரல் போகுது. ஒருத்தர் போடுற ஒண்ணு ரெண்டுல ஒண்ணும் ஆகாது." அந்தப் பதில ரெண்டு வாரம் வாயில போட்டுச் சப்பிக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தர் போடுறதுன்னு அவன் நெனச்சது மூணு பேரு போடுறதுன்னும், மூணு பேருங்கது நான் ஒருத்திதான்னும் அவனுக்குத் தெரியாது. அதவிட, அவன் சொன்னது சரியாவே இருந்தாலும், என் வெரலு மூணுல இருந்து ஏழுக்குப் போனது எனக்குத் தெரியும்லா.

வைகாசியில எனக்கு பிரஷர் மாத்திர தீந்துபோச்சு. பெட்டி ஒழுக ஆரம்பிச்ச பொறவு நான் அந்த வராந்தாவுல ஒரு வார்த்த பேசினதில்ல. மாத்திரச் சீட்ட நீட்டுவேன், வாங்குவேன், வந்துருவேன். அன்னைக்கு ஜாஸ்மின், "என்னக்கா ஊமைச்சாமியா? எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டுட்டு. பழக்க தோசம், வாய் தானாச் சொல்லிட்டு. "நல்லாருக்கேன்." வரிசையில நின்னவுக எல்லாம் ஒதுங்குனாவ, செல்லக்கனி வாளியத் தூக்கிட்டு ஓடி வந்தா. இன்னைக்குச் செவரே இடிஞ்சு கடலு வரும்னு நான் கண்ண மூடிக்கிட்டேன்.

ஒரு சொட்டு வரல.

பெட்டி சாந்தமா, "மகிழ்ச்சி, வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டுச்சு. என் காதக் குடுத்து வளத்த பிள்ளைல்லா அது? என் கொரல எப்படிக் கேக்கணும்னு நான் என்ன சொல்லிக் குடுத்தனோ, அப்படித்தான் அது கேட்டுச்சு. ஜனங்களுக்கு அது எப்படித் தெரியும்? "ஊர்லயே தங்கம் ஒருத்திதான் நெசமா நல்லா இருக்கா"ன்னு சாயந்தரத்துக்குள்ள பேச்சுப் பரவிட்டு. அதுக்குப் பொறவு நான் பட்டபாடு இருக்கே! வீட்டுப் பால்காய்ப்பா, தங்கம் வந்து அடுப்பப் பத்த வைக்கட்டும். சடங்கு வீடா, தங்கம் மொத மஞ்சத் தண்ணி ஊத்தட்டும். பிள்ள பெத்தவளுக்குத் தங்கம் கையால மொதக் கஞ்சி. எவளோ ஒருத்தி என் சேல முந்தானையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அவ கையத் தட்டிவிட்டுட்டு வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திக்கிட்டு, என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். மறுநா காலையில மஞ்சளப் பூசிக்கிட்டு ஒரு வளகாப்புக்குப் போனேன். போகாம இருந்தா ஏன்னு கேப்பாவளே.

ஆனி மாசம் ஒரு மத்தியானம். ஆஸ்பத்திரியில ஆளு இல்ல. செல்லக்கனி சொல்லி விட்டான்னு போனேன். அவ வராந்தாவுல வாளியப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னப் பாத்ததும் ஈரத் தரையத் தொடச்சு எடம் பண்ணுனா.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? மறைக்காமச் சொல்லணும்."

"கேளு."

"நீ மட்டும் எப்படிக்கா நல்லாருக்க? எனக்கும் சொல்லித் தாயேன். ஒரே ஒரு நா அப்படி இருந்து பாத்துக்கிடுதேன்."

அவ கையில இருந்த வெடிப்ப நகத்தால நிமிண்டிக்கிட்டே பேசுனா. பெட்டி சொட்டாம இருந்துச்சு, அவ மனசுல உள்ளதத்தான் சொன்னா.

"அவியள நாந்தான்க்கா கொன்னேன். அவசரமில்லன்னு எவளாவது சொல்லுவாளா? புருசன் மூச்சுக்குத் திணறும்போது, வண்டி வந்தா நல்லாருக்கும்னு, கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி எவளாவது பேசுவாளா? மேலத்தெருக்காரன் மாதிரி நானும் கத்தியிருந்தா வண்டி எனக்கு வந்திருக்கும்லா. எனக்குக் கத்த வரலக்கா. எங்கம்மை அப்படி வளத்துட்டா. இந்தத் தண்ணிய நான் தொடைக்கது எனக்குச் சரியான தண்டனதான். ஒரு நாளைக்கு அம்பது தரம் நெனைக்கேன், கத்தியிருக்கலாமே, கத்தியிருக்கலாமேன்னு."

நாலு மாசம். நான் என்னப் பத்தி மட்டுமே நெனச்சுக்கிட்டுக் கெடந்த நாலு மாசமும், என் பழியத் தூக்கி இவ தலையில வச்சுக்கிட்டு வாளி சுமந்திருக்கா. மத்த எல்லாத்தையும் எப்படியாவது மன்னிக்கலாம்னு வைங்க. இத என்ன செய்ய?

"நீ இல்லளா," ன்னேன். "நாந்தான்."

அவளுக்குப் புரியல. நான் சொன்னேன். சித்திரை மாசத்தச் சொன்னேன், ஹெட்போனச் சொன்னேன், மூணுல நின்ன வெரலச் சொன்னேன், முருங்கைக் கொப்பச் சொன்னேன், கழுத்த நீட்டிப் பாத்தவளுகளச் சொன்னேன், ஏழு, ஏழுன்னு சிரிச்சதையும் விடாமச் சொன்னேன். அவ கொரல்ல பயம்னா அது சாதாரணம்னு அந்தப் பெட்டிக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னேன். எம்மேல துப்புவான்னு பாத்தேன், வாளியத் தூக்கி ஊத்துவான்னு பாத்தேன். அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அப்ப, ஒனக்குக் கேட்டுச்சா?"

"என்னது?"

"எங் கொரல்ல பயம் இருந்தது. ஒனக்குக் கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு."

"நெசமாவா? கத்தாமலே?"

"நெசமாத்தாம்ளா."

அவ எந்திரிச்சு நின்னா. ஈரக் கையச் சேலையில தொடச்சா. பெட்டியப் பாக்கல, என்ன மட்டும் பாத்து, அன்னைக்குப் போன்ல சொன்னத அப்படியே, ஒரு எழுத்து மாறாம, அதே மெதுவான கொரல்ல சொன்னா: "யம்மா, கீழத்தெரு செல்லக்கனி பேசுதேன். எங்க வீட்ல அவியளுக்கு நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குங்காவ. ஒண்ணும் அவசரமில்ல, வண்டி வந்தா நல்லாருக்கும்." கடைசிய முழுங்குனா. செருமுனா.

"மூணு," ன்னேன். "மூணுளா. பயம். பயந்து போயிருக்க. வண்டி வரணும், இப்பவே வரணும்." சொல்லச் சொல்ல என் சத்தம் கூடிக்கிட்டே போச்சு, உள்ள இருந்து ஜாஸ்மின் ஓடி வந்துட்டு. நான் "மூணு, மூணு"ன்னு கத்திக்கிட்டு நின்னேன். செல்லக்கனி துணியையும் வாளியையும் எடுத்துக்கிட்டு, என்னக் கடந்து, வெளிய போயி ஊத்திட்டு, வாளியக் கவுத்து வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா.

அன்னையோட பெட்டி நின்னுட்டு. ரெண்டு நா பாத்தாவ, ஒரு வாரம் பாத்தாவ, எத்தன பேரு வந்து நல்லாருக்கேன்னு சொன்னாலும் ஒரு சொட்டு இல்ல. ஓட்டயச் சுத்தி வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்துச்சு, அதச் சுரண்டிக் கொஞ்சம் பேரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாவ. ஊரு அதையும் ஏத்துக்கிடுச்சு. நின்ன கல்யாணத்துல ஒண்ணு மறுபடி நடந்துச்சு, தலைவரு உள்ளூர்லயே ஊசி போட ஆரம்பிச்சாரு, எல்லாரும் பழையபடி தைரியமா நல்லாருக்கேன்னு சொல்லிக்கிட்டாவ. நான் வேலைய விட்டேன். பண்ணுன தப்பக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தேன், நிர்மல் அத வாங்கி மடிச்சுப் பைக்குள்ள வச்சான். ஊர்லயும் சொன்னேன், அதுக்குப் பொறவு என்ன யாரும் பால்காய்ப்புக்குக் கூப்பிடல.

செல்லக்கனி என்ன மன்னிச்சாளான்னு கேப்பீங்க. அவ சொல்லல, நான் கேக்கவும் இல்ல. ஆனா நான் கத்துன அன்னைக்கு மறுநா காலையில ஆறு மணிக்கு நான் துணி காயப் போட்டுக்கிட்டிருக்கும்போது செவரு பக்கம் வந்து நின்னா.

"யக்கா."

"ம்."

"இன்னைக்கு நான் நல்லால்ல."

"கேட்டுச்சு"ன்னேன். அவ போயிட்டா. அதுக்கு மேல அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசுறதில்ல, கொழம்பு மாத்துறதில்ல. ஆனா தினமும் ஆறு மணிக்கு வருவா, "இன்னைக்கும் நல்லால்லக்கா"ம்பா, "கேட்டுச்சு"ம்பேன், போயிருவா. ரெண்டு வருசமாவுது. வெட்டுன முருங்கை தளுத்து மறுபடி என் பக்கம் வந்துட்டு, கம்பளிப்பூச்சி துணியில விழுது, நான் தட்டிவிட்டுட்டுப் போட்டுக்கிடுதேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சலு. காலையில எந்திரிக்க முடியல, போர்வைக்குள்ள கெடந்தேன். ஆறு மணிக்குச் செவருக்கு அந்தப் பக்கம் அவ வந்து நிக்கது தெரிஞ்சுது. "யக்கா"ன்னா மெதுவா. எனக்குக் குரல் எழும்பல. பொறவு கத்துனா பாருங்க, செல்லக்கனி, சத்தம் தெருவுக்குக் கேக்காம வளந்தவ, முருங்கையில இருந்த காக்கா எல்லாம் எழும்பிப் பறக்க, மேலத்தெரு வரைக்கும் கதவு தொறக்க, அடிவயித்துல இருந்து கத்துனா:

"யக்கா! நான் நல்லால்ல!"

நான் போர்வையத் தள்ளிட்டு, செவரப் பிடிச்சுப் பிடிச்சு வெளிய போனேன்.

"கேட்டுச்சுளா," ன்னேன்.